சட்டத்துக்குத் தனி ரசீது

விண்ணப்பத்துக்கு இருபத்தையாயிரம்.
தணிக்கைக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.
மேலே ஜிஎஸ்டி.
வந்த இரண்டு பேருக்கும் சூளூர்ப்பேட்டையில் ஏசி அறை,
அதில் ஒருவர் மீன் வாசனைகூட ஆகாதென்றதால்
தடா முழுக்கத் தேடி வாங்கிய சாம்பார் சாதம்.
கடைசியாக, சான்றிதழுக்குச் சட்டம் போட்ட கோட்டய்யா
முந்நூற்றைம்பதுக்குத் தனி ரசீது எழுதினார்.
இந்த ஆபீசில் சட்டத்துக்கென்று
ரசீதோடு செலவானது இது ஒன்றுதான் என்று
கோவர்த்தனன் சிரித்தார்.
முதலாளி ஜெயராமுலு சிரிக்கவில்லை.

ஆரம்பாக்கத்தில் பஞ்சர் கடைக்கு மேல் மாடி.
அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்குச் சம்பளம் போடுகிறோம்,
ஒருவரையும் நான் வேலை செய்து பார்த்ததில்லை.
இரும்பு உருக்குவது கும்மிடிப்பூண்டியில்,
அட்டைப்பெட்டி ஒட்டுவது தடாவுக்கு அப்பால்,
சம்பளச் சீட்டில் மட்டும் எங்கள் பெயர்.
இந்தப் பக்கம் தொழில்வரி அரையாண்டுக்கு,
அந்தப் பக்கம் மாதாமாதம்.
பதினைந்தாம் தேதி எல்லை தாண்டிய ஆளை
எந்தக் கட்டத்தில் அடைப்பதென்று
எத்தனை பேனா மூடிகளைக் கடித்திருப்பேன்.

தணிக்கைக்கு வந்த அருமைநாயகம்
யாரையும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.
மார்ச் மாதத்தை எடுங்கள் என்றார்,
கண்ணை மூடி ஒரு பெயரின் மேல் விரல் வைத்தார்.

ஆதாரில் பித்யாதர் நாயக்.
வருங்கால வைப்பு நிதியில் வித்யாதர்.

பதினான்கு மாதமாக
வித்யாதர் என்கிற இல்லாத ஒருவனுக்கு
நான் சேமித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்படி எத்தனை பேர்?
தெரியாது சார்.
எண்ணுங்கள்.

எண்பத்தேழு.
பிறக்காத எண்பத்தேழு பேர்
என் கம்ப்யூட்டரில் வட்டியோடு வளர்ந்துகொண்டிருந்தார்கள்.

மூன்று வாரம். ஷிப்ட் மாறும் கேட்டில் நின்று
செல்போன் வெளிச்சத்தில் அட்டை அட்டையாகப் படமெடுத்தேன்.
சிலர் ஆளைக் குறைக்கிறார்களோ என்று ஒளிந்தார்கள்.
ஒருவன் கேட்டான்: பேர் தப்பா இருந்தா என்ன மேடம்,
ஆள் சரியாத்தானே நிக்கிறேன்?
அதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

முத்திரை ஆவணியில் வந்தது.
ஐப்பசியில் அட்டைப்பெட்டிக் கம்பெனி கைமாறியது.
சர்வீஸ் சார்ஜில் இரண்டு சதவீதம் குறைத்துக் கேட்டவனுடைய சுவரில்
வெங்கடாசலபதி படமும் காலண்டரும் மட்டும்.
பர்ச்சேஸ் ஆபீசர் நல்ல மனிதர்,
பில்டர் காபி கொடுத்துத்தான் சொன்னார்:
முத்திரை ரொம்ப சந்தோஷம்மா, ரேட்டைச் சொல்லுங்க.

இருநூற்று நாற்பது பேர் ஒரே நாளில் போனார்கள்,
நான் திருத்திக் கொடுத்த எழுத்துகளோடு.
அடுத்தவனுக்கு அது இலவசம்.
அவன் எண்ணவே வேண்டியதில்லை.

தை மாதம் ஒரு போன்.
பாலேஸ்வர் பக்கம் ஏதோ ஊர், பின்னால் ஆடு கத்துகிறது.
அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் மேடம்,
பிஎஃப் பணம் வந்திருச்சு. இருபத்தோராயிரத்து நானூறு.
அவன் இப்போது எங்கள் ஆளில்லை என்று
சொல்ல வாயெடுத்தேன். சரி என்றேன்.
பித்யாதர்தானே என்று மட்டும் கேட்டேன்.
ஆமாம் மேடம், வேறு யாரு?

நேற்று புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது.
செலவு ஒரு பக்கம், லாபம் ஒரு பக்கம்
எழுதித் தா என்றார் முதலாளி.
செலவுப் பக்கம் பத்து நிமிடத்தில் நிறைந்தது.
லாபத்தில் எண்பத்தேழு என்று எழுதினேன்.
ஆயிரமா என்றார்.
இல்லை சார், ஆள்.
ரூபாயில் எழுது என்று திருப்பித் தந்தார்.

தாள் இன்னும் மேசையில்தான் இருக்கிறது.
நெல்லூர் லாரி ஒவ்வொன்றுக்கும் மாடி அதிர்ந்து
சட்டம் இடப்பக்கம் சாய்கிறது.
எழுந்து எழுந்து நேராக்குகிறேன்.
அது எந்தத் தலைப்பிலும் வராத வேலை.